பல மரம் கண்ட தச்சன்

பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான் என்பது நம் முதுமொழி. தப்படிக்கவும், படம் எழுதவும், தையல் இயந்திரம் ஓட்டவும், நாடகம் போடவும் வல்ல பிள்ளைகளை நோக்கி இம்மொழியைக் கூறும் பெற்றோர் தோட்டங்களில் பலர். பிள்ளை கொழும்பில் ஒரு கடையில் சேர்ந்துவிட்டால் மாதம் முடியச் சம்பளம் வரும். அவர்களைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. அரைப் பேர் விழுந்த நாளில் அடுப்பின் நிலை என்னவென்று அறிந்தவர்கள் அவர்கள். ஆயினும் அம்முதுமொழிக்கு மாறாக நின்ற ஒருவர் ஹட்டனில் பணியாற்றினார் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும் அன்றோ?

கோ. நடேசய்யர் 1887இல் தஞ்சை மண்ணில் பிறந்தவர். 'வர்த்தகமித்திரன்' என்னும் வணிகர் இதழை நடத்தியவர். கணக்குப் பதிவு பற்றியும் எண்ணெய் இயந்திரங்கள் பற்றியும் நூல் எழுதினார். துப்பறியும் நாவலும் எழுதினார்! இத்தனை திக்கில் ஓடிய மனத்தை உற்றார் எவ்வாறு கடிந்திருப்பரோ!

இலங்கை வந்த அவர், அந்நியர் நுழையத் தடையிருந்த தோட்டங்களுக்குள் புடவை வியாபாரியாக மூட்டை சுமந்து சென்று லயன்களின் துயரைக் கண்டார் என்பர் அவரது வரலாற்றை எழுதியோர். சிதறிக்கிடந்த திறமைகள் அதன்பின் ஒருமுகப்பட்டன. வணிக இதழில் பழகிய கை 'தேசநேசன்', 'தேசபக்தன்' ஏடுகளை நடத்தியது. எழுத்தார்வம் 'இராமசாமி சேர்வையின் சரிதம்' என்ற தொழிலாளர் நாடகமாயிற்று. கணக்கறிவுங்கூடத் தொழிலாளியின் கடன் சீட்டைப் படிக்க உதவியிருக்கும் என்பது என் எண்ணம். துணைவியார் மீனாட்சியம்மையார் பாட்டெழுதி, கூட்டங்களில் தாமே பாடி, 1940இல் நூலாகவும் வெளியிட்டார். 1931இல் ஹட்டனைத் தலைமையிடமாகக் கொண்டு தொழிலாளர் சம்மேளனம் எழுந்தது. 1936இல் ஹட்டன் தொகுதி அவரை அரசாங்க சபைக்கு அனுப்பிற்று. 1939இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் தோன்றியபின் அவர் செல்வாக்குத் தேய்ந்தது, 1947இல் மறைந்தார்.

கொரிந்து நகரில் அக்கிலா, பிரிஸ்கில்லா தம்பதியரோடு தங்கித் திருத்தூதர் பவுல் கூடாரத் தொழில் செய்ததைத் திருத்தூதர் பணிகள் நூலின் 18ஆம் அதிகாரம் கூறுகிறது. அங்கும் பிழைப்பும் பணியும் ஒரே கூரையின்கீழ்த்தான் இருந்தன.

ஆகவே எந்தத் திறமையைக் கைவிடுவாய் என்று பிள்ளையைக் கேட்பதைவிட, இம்மலையில் யாருடைய தேவைக்கு அவை உதவும் என்று கேட்பதே தகும். புதுநன்மை உடைக்கும் பாடசாலைப் பைக்கும் திருமண அழைப்பிதழுக்கும் நம் மக்கள் பஸ் ஏறி நகரத்துக்குப் போகிறார்கள். தையலும் ஓவியமும் ஒருங்கே அறிந்த பெண்ணோ லயத்தில் இருக்கிறாள்.

இன்னொன்றும் உண்டு. திருவிழா மேடைக்குத் திரை எழுதும் இளைஞனை, "சாமிக்குத்தானே தம்பி" என்று வெறுங்கையோடு அனுப்பிவிடுகிறோம். இவ்வருடமாவது துணிக்கும் சாயத்துக்குமான செலவை ஒரு தாளில் எழுதித்தரச் சொல்வோம். அதன் கீழே தன் கூலியையும் அவனே எழுதட்டும்.