அந்தப் பிள்ளையின் காசு யாருடையது?

அண்மையில் எமது பிரதேசத்தில் நடைபெற்ற ஒரு கவிதை நூல் வெளியீட்டு விழாவில் மூத்த பேச்சாளர் ஒருவர் நூலை ஓரமாக வைத்துவிட்டு தொலைக்காட்சியைப் பிடித்துக்கொண்டார். (எமது வெளியீட்டு விழாக்களில் நூலைப் பற்றிப் பேசுவது பெரும்பாலும் நூலாசிரியரின் ஏற்புரையில் மட்டும்தான் என்பது வேறு கதை.) பிள்ளைகளைப் பாட்டுப் போட்டிகளுக்கும் நாடகங்களுக்கும் அனுப்பும் பெற்றோரை எச்சரிக்க அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் அமெரிக்காவின் கேரி கோல்மன். "கோடி கோடியாக உழைத்தான், கடைசியில் காவலாளியாக நின்றான், நாற்பத்திரண்டு வயதில் மௌத்தானான். கூத்தாடியின் முடிவு இதுதான்" என்றார். சபை 'சுப்ஹானல்லாஹ்' சொன்னது. நானும் சொன்னேன். வீட்டுக்கு வந்த பின்னர்தான் எனக்குக் கோபம் வந்தது.

அவர் சொன்ன தகவல்களில் பிழையில்லை. அவற்றிலிருந்து அவர் எடுத்த தீர்ப்புத்தான் பிழை.

கேரி கோல்மன் 1968இல் இலினோய் மாநிலத்தில் பிறந்தவர். பச்சிளம் பருவத்திலேயே ஒரு குடும்பத்தால் தத்தெடுக்கப்பட்டவர். பிறவியிலிருந்தே சிறுநீரக நோய். 1973இலும் 1984இலும் மாற்றுச் சிறுநீரகம் பொருத்தினார்கள், இரண்டும் நிலைக்கவில்லை. நோயும் அதற்கான மருந்துகளும் வளர்ச்சியை நிறுத்திவிட, முழு ஆளானபோதும் அவரது உயரம் நான்கு அடி எட்டு அங்குலம்தான். பத்து வயதில், 1978 நவம்பரில், 'டிஃபரன்ட் ஸ்ட்ரோக்ஸ்' என்ற தொலைக்காட்சித் தொடர் தொடங்கியது. தாயை இழந்து யதீம்களாகிவிட்ட இரு கறுப்பினச் சகோதரர்களை, அவர்களது தாய் வேலைசெய்த வீட்டின் வெள்ளைக்காரச் செல்வந்தர் பொறுப்பேற்று வளர்ப்பதுதான் கதை. அதில் இளையவன் ஆர்னல்ட்டாக நடித்தவர் கோல்மன். 1986 வரை எட்டுப் பருவங்கள் ஓடிய அத்தொடரின் உச்சகாலத்தில் ஓர் அங்கத்துக்கு அவருக்கு ஓர் இலட்சம் டொலர் வரை கொடுக்கப்பட்டதாகச் சொல்வார்கள்.

கதையில் அவன் யதீம். கதையில் அவனது பொறுப்பாளர் நேர்மையானவர். கமரா நின்றபின் நடந்தது வேறு. 1989இல், இருபத்தோரு வயதில், கோல்மன் தன்னை வளர்த்த பெற்றோர் மீதும் முன்னாள் ஆலோசகர் மீதும் வழக்குத் தொடர்ந்தார். தனது பெயரிலிருந்த நம்பிக்கைப் பொறுப்பு நிதியிலிருந்து 38 இலட்சம் டொலர் வரை தவறாகக் கையாளப்பட்டது என்பது முறைப்பாடு. 1993இல் நீதிமன்றம் அவருக்கு 12 இலட்சத்து 80 ஆயிரம் டொலர் வழங்கத் தீர்ப்பளித்தது. 1999இல் அவர் வங்குரோத்து நிலையை அறிவித்தார். இடையில் அவர் பாதுகாப்பு உத்தியோகத்தராக வேலை பார்த்ததும் உண்மை.

இதில் கூத்து எங்கே இருக்கிறது, களவு எங்கே இருக்கிறது? பேச்சாளரிடம் நான் கேட்க நினைத்தது இவ்வளவுதான்.

நடிப்புத்தான் அந்தப் பிள்ளையை அழித்தது என்றால், ரொன் ஹோவர்டை என்ன செய்வது? அவரும் தொலைக்காட்சிச் சிறுவர்தான். 1960இலிருந்து எட்டு வருடங்கள் 'த அண்டி கிரிஃபித் ஷோ'வில் நடித்தார். பிற்காலத்தில் இயக்குநராகி ஒஸ்கார் பரிசும் பெற்றார். தம் பெற்றோர் பிள்ளைகளின் உழைப்பில் வாழவில்லை என்பதை அவரும் தம்பியும் சேர்ந்து எழுதிய நினைவு நூலில் நன்றியோடு சொல்கிறார்கள். அதே ஹொலிவுட், அதே கமரா. வித்தியாசம் வீட்டில் இருந்தது.

இந்த இடத்தில் எமது இளைய விமர்சகர் ஒருவர் குறுக்கிடுவார் என்பது தெரியும். 'இதெல்லாம் அமெரிக்க முதலாளித்துவத்தின் நரபலி' என்பார். அவரது கட்டுரைகளில் மழை பெய்யாததற்கும் அதுவே காரணம். முதலாளித்துவத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் அந்த முதலாளித்துவ நாட்டில்தான் இந்தப் பிரச்சினைக்குச் சட்டம் பிறந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். சார்ளி சப்ளினோடு 1921இல் 'த கிட்' படத்தில் நடித்த சிறுவன் ஜக்கி கூகன் சம்பாதித்தது முப்பது நாற்பது இலட்சம் டொலர். 1938இல் தாயின் மீதும் தாயின் கணவர் மீதும் வழக்காடி அவர் பெற்றது ஏறக்குறைய 1 இலட்சத்து 26 ஆயிரம். காரணம், வயது வராத பிள்ளையின் உழைப்பு பெற்றோருக்கே சொந்தம் என்றுதான் அன்றைய கலிபோர்னியச் சட்டம் சொன்னது. அந்த அவமானத்தில் 1939இல் 'கூகன் சட்டம்' வந்தது. அதில் ஓட்டைகள் இருந்தன. கோல்மன் உழைத்ததெல்லாம் அந்த ஓட்டைச் சட்டத்தின் காலத்தில்தான். 2000ஆம் ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம்தான் பிள்ளையின் உழைப்பு பிள்ளையினதே என்று தெளிவாகச் சொல்லி, நூற்றுக்குப் பதினைந்து வீதத்தைத் தனிக் கணக்கில் பூட்டிவைக்கச் சொன்னது.

அவர்களுக்கு அறுபது வருடம் எடுத்தது. எமக்கு?

'எமக்கு ஏற்கனவே இருக்கிறது' என்று பேச்சாளர் சொல்வார். சரியாகச் சொல்வார். அந்நிஸா அத்தியாயத்தின் ஆறாம் வசனத்தை அவர் என்னைவிட அழகாக ஓதுவார். யதீமின் பொருளைப் பராமரிப்பவன் அவன் வளர்ந்துவிடுவானே என்ற அவசரத்தில் அதைத் தின்னக்கூடாது, வசதியுள்ளவன் அதிலிருந்து எடுக்காமல் ஒதுங்கவேண்டும், ஏழை நியாயமான அளவோடு நிற்கவேண்டும், பிள்ளை பருவமடைந்து விவேகமும் கண்டபின் சாட்சிகளை வைத்து ஒப்படைக்கவேண்டும். பராமரிப்பு, எல்லை, ஒப்படைப்பு, சாட்சி எல்லாமே ஒரு வசனத்துக்குள் இருக்கின்றன. ஜக்கி கூகனின் தாய் நீதிமன்றத்தில் நின்றபோது கலிபோர்னியாவிடம் இது இருக்கவில்லை.

அப்படியானால் கேரி கோல்மனின் கதையைச் சொல்லும்போது பேச்சாளரின் நாவில் ஏன் இந்த வசனம் வரவில்லை? பெற்றோரை விட்டுப் பிரிந்து பிறர் வீட்டில் வளர்ந்த ஒரு பிள்ளையின் சொத்தைப் பற்றியல்லவா அவர் பேசிக்கொண்டிருந்தார்! யதீமின் பொருளை அநியாயமாக உண்பவர் வயிற்றில் நெருப்பை நிரப்புகிறார் என்ற எச்சரிக்கையைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான சந்தர்ப்பம் வாய்க்குமா? வரவில்லை. களவுகொடுத்தவன் பாவியானான், களவெடுத்தவர்களைப் பற்றிப் பேச்சே இல்லை.

ஏன் என்று எனக்குத் தெரியும். அந்த வசனத்தை எடுத்தால் அது ஹொலிவுட்டோடு நிற்காது. எமது தெருவுக்கும் வரும்.

வாப்பா உயிரோடிருக்கும் பிள்ளை யதீம் அல்லவே என்பது அடுத்த பதிலாக இருக்கும். பிள்ளையும் அவனது பொருளும் தகப்பனுக்கே என்ற கருத்திலமைந்த ஹதீஸும் கூடவே வரும். அந்த ஹதீஸை வைத்துக்கொண்டுதான் ஷாபிஈ, ஹனபி, மாலிக்கி மத்ஹபுகளின் அறிஞர்கள், தகப்பன் தேவையுடையவனாக இருந்தால் மட்டுமே பிள்ளையின் பொருளிலிருந்து அவனுக்கு ஜீவனாம்சம் உண்டு என்று முடிவு செய்தார்கள். ஹன்பலிகள் சற்றுத் தளர்வானவர்கள், அவர்களும் நிபந்தனைகளோடுதான். வாதமும் எளிமையானது. பிள்ளை மௌத்தாகி, அவனுக்கும் பிள்ளைகள் இருந்தால் தகப்பனுக்கு ஆறிலொரு பங்கு என்று குர்ஆன் பங்கு வைக்கிறது. முழுவதுமே தகப்பனுடையதென்றால் ஆறிலொன்று எதற்கு? இந்த நாட்டில் எம்மில் பெரும்பான்மையினர் ஷாபிஈகள். வுழூவில் காட்டும் மத்ஹப் பற்றைப் பிள்ளையின் காசிலும் காட்டினால் என்ன?

இனி என் பங்குக்கு வருகிறேன்.

பல வருடங்களுக்கு முன்னர், எங்கள் ஊரில் ஒரு சிறுவன் இருந்தான். ஒன்பது பத்து வயது. கஸீதாவும் இஸ்லாமிய கீதமும் பாடினால் மைக்கே தேவையில்லை. மீலாத் விழா, பாடசாலைப் பரிசளிப்பு, நூல் வெளியீடு என்று அவன் இல்லாத மேடையில்லை. நோன்பு காலத்தில் நள்ளிரவு தாண்டியும் மேடையில் வைத்திருந்தோம். கண் சொருகும்போது பிளேன்டீ கொடுத்து எழுப்பினோம். அவற்றில் பல மேடைகளுக்கு நானே அறிவிப்பாளர். முடிவில் ஒரு வெள்ளை உறை. அதை நான் எப்போதும் அவனது வாப்பாவின் கையில்தான் கொடுத்தேன். ஒருமுறையாவது உறையின் மேல் அவனது பெயரை எழுதியதில்லை. வாப்பா கெட்டவரல்லர். கடன்காரர். பதினான்கு வயதில் அவனது குரல் உடைந்தது. நாங்கள் வேறொரு சிறுவனைத் தேடிக்கொண்டோம்.

அவன் இப்போது முச்சக்கரவண்டி ஓட்டுகிறான். தொழிலில் குறைவில்லை, இழிவுமில்லை. கோல்மன் காவலாளியாக நின்றதையும் ஓர் இழிவாகச் சொன்ன எமது பேச்சாளரோடு அந்த விடயத்திலும் எனக்கு உடன்பாடில்லை. ஒருநாள் அவனது வண்டியில் போகும்போது அந்தக் காசெல்லாம் என்னவாயிற்று என்று கேட்டுவிட்டேன். "எந்தக் காசு சேர்?" என்றான். பாடுவதற்குக் காசு கொடுத்தோம் என்பதே அவனுக்குத் தெரியாது.

கோல்மனின் வாழ்க்கையில் என்னை அதிகம் வருத்துவது காசுகூட அல்ல. அந்தத் தொடர் அவரது உடம்பின் மேல் கட்டப்பட்டிருந்தது. பதினைந்து பதினாறு வயது இளைஞர் குட்டிப் பையனாகவே நின்று சிரிப்பு மூட்டவேண்டும். அவர் வளராமல் இருப்பதே நிகழ்ச்சியின் முதலீடு. வளராமல் இருந்ததற்குக் காரணம் நோய். இரண்டாவது சத்திரசிகிச்சை நடந்ததும் தொடர் ஓடிக்கொண்டிருந்த காலத்தில்தான். நாடே அந்தக் கன்னத்தைக் கிள்ள ஆசைப்பட்டது. அந்தக் கன்னத்தின் உப்பலில் மருந்துக்கும் பங்கிருந்தது என்பதை எத்தனைபேர் நினைத்தார்கள்?

தொடர் முடிந்த பின்னரும் சிரிப்பு நிற்கவில்லை. 2003இல் ஒரு வார இதழ் நையாண்டியாக அவரைக் கலிபோர்னிய ஆளுநர் தேர்தலில் நிறுத்தியது. 135 வேட்பாளர்களில் எட்டாவதாக வந்தார், 14,242 வாக்குகள். அதே வருடம் நியூயோர்க் புரோட்வே மேடையில் 'அவனியூ கியூ' என்ற இசை நாடகம். அதில் மாடிக்குடியிருப்பின் பராமரிப்பாளனாக ஒரு பாத்திரம், பெயர் கேரி கோல்மன். ஒரு மனிதன் உயிரோடிருக்கையில் அவனது வீழ்ச்சியை அவன் பெயரிலேயே மேடையேற்றி இரவுதோறும் கைதட்டினார்கள். 2010 மே மாதம் யூட்டா மாநிலத்தில் வீட்டில் விழுந்து தலையில் அடிபட்டு அவர் இறந்தார். அதன் பின்னரும் மரணப் படுக்கையில் எடுத்த படம் ஒரு பரபரப்புப் பத்திரிகையில் வந்தது. எமது வெளியீட்டு விழாவில் கிடைத்த 'சுப்ஹானல்லாஹ்' அந்தக் கைதட்டலின் தொடர்ச்சி என்பது என் கருத்து. கோபித்தால் கோபிக்கட்டும்.

காலம் மாறிவிட்டது என்பதும் சரிதான். இப்போது மேடையே தேவையில்லை, கைத்தொலைபேசி போதும். மழலை மாறாத வாயால் பயான் செய்யும் பிள்ளைகளும், சூரா ஓதும் பிள்ளைகளும், உம்மாவோடு சமையல் செய்யும் பிள்ளைகளும் யூடியூபில் இருக்கிறார்கள். ஓதுவதென்றால் கூத்தல்ல என்பதால் பேச்சாளருக்கும் ஆட்சேபனை இராது. ஆனால் விளம்பரக் காசு பிள்ளையின் முகத்துக்குத்தானே வருகிறது! இலினோய் மாநிலத்தில், கோல்மன் பிறந்த அதே மாநிலத்தில், குடும்பக் காணொளிகளில் தோன்றும் பிள்ளைகளுக்கு ஒரு பங்கை ஒதுக்கிவைக்கவேண்டும் என்ற சட்டம் 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ளது. எமது வீடுகளில் இரவிரவாகப் பார்க்கப்படும் தமிழ் நிகழ்ச்சிகள் தயாராகும் இந்தியாவில் 2017இன் விதிகள், சிறுவர் கலைஞரின் வருமானத்தில் குறைந்தது இருபது வீதத்தை அந்தப் பிள்ளையின் பெயரில் நிலையான வைப்பிலிடச் சொல்கின்றன. நாளொன்றுக்கு ஐந்து மணித்தியாலத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது என்றும் சொல்கின்றன. அங்கே எவ்வளவு தூரம் மதிக்கப்படுகிறது என்பது தனிக் கேள்வி. ஆனால் எழுதியாவது வைத்திருக்கிறார்கள்.

எமது விழாக் குழுக்களின் கணக்குப் புத்தகங்களில் ஒலிபெருக்கிக்கு ஒரு நிரல், பந்தலுக்கு ஒரு நிரல், பிரமுகர்களின் பொன்னாடைக்கு ஒரு நிரல் உண்டு. பாடிய பிள்ளைக்கு நான் பார்த்த எந்தப் புத்தகத்திலும் நிரல் இல்லை. 'இதர செலவு' என்பதற்குள் அவன் போய்விடுவான்.

பேச்சாளர் இந்தச் சஞ்சிகையின் சந்தாதாரர். மறுப்பு எழுதினால் ஆசிரியர் குழு பிரசுரிக்கும் என்று நம்புகிறேன். எழுதும்போது ஒன்றை மட்டும் சேர்த்து எழுதட்டும். அந்த வெளியீட்டு விழாவின் தொடக்கத்தில் கிராஅத் ஓதிய பெண்பிள்ளைக்கு உறை கொடுத்தார்கள், மேடையில் அவருக்குப் பக்கத்தில் வைத்துத்தான் கொடுத்தார்கள். அதன் மேல் யாருடைய பெயர் இருந்தது?