விமானம் விற்கிறார்கள்; பதில் சொல்ல மாட்டார்கள்!

அமெரிக்காவில் ஆகாய விமானம் வைத்திருப்பவர்கள் எல்லாரும் கோடீசுவரர்கள் என்று எண்ணிவிட வேண்டாம். பல் வைத்தியர் வைத்திருக்கிறார். பண்ணைக்காரர் வைத்திருக்கிறார். சம்பளக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து பங்கு போட்டு ஒன்று வைத்திருக்கிறார்கள். பயணிகளை ஏற்றிச் செல்லும் கம்பெனி விமானங்களைக் கணக்கில் சேர்க்காமலே அந்த நாட்டில் இரண்டு லட்சம் விமானங்களுக்கு மேல் இருக்கின்றன. பழைய மோட்டார் கார் கைமாறுவது போல அவையும் கைமாறுகின்றன.

இந்த வியாபாரத்தில் ஒரு விசித்திரம் உண்டு. விளம்பரம் வருகிறது. படம் இருக்கிறது. விலையும் இருக்கிறது. "விவரங்களுக்குத் தரகரைக் கேளுங்கள்" என்று டெலிபோன் நம்பரும் இருக்கிறது. கேட்டால்? மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுப்பார் இல்லை. கடிதம் போட்டால் பதில் இல்லை. மறுபடியும் போட்டால் மூன்று வாரம் கழித்து ஒரே வார்த்தை வருகிறது: "விற்றுவிட்டது." அந்த வார்த்தை வந்தாலே அதிர்ஷ்டம்தான். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், அதே விமானம், அதே படம், அதே விளம்பரம் அப்படியே இருக்கும்!

கையில் பணத்தோடு வந்தவரை வாசலிலேயே நிற்க வைக்கிற வியாபாரம் வேறு எது?

இதை மரியாதைக் குறைவு என்று சொல்லிப் பலர் விட்டுவிடுகிறார்கள். நம்முடைய அபிப்பிராயம் அதுவல்ல. இதில் பணம் போகிறது. சில சமயம் உயிருக்கே ஆபத்து வருகிறது. வேடிக்கை என்னவென்றால், இதில் அதிகமாக நஷ்டப்படுகிறவர் வாங்க வந்தவர்கூட அல்ல. தம் விமானத்தை நம்பி ஒப்படைத்தாரே, அந்தச் சொந்தக்காரர்தான்!

ஏன் பழசு?

"புதிதாக வாங்கிவிட்டால் இந்தத் தொல்லை இல்லையே?" என்று கேட்பீர்கள். நாலு பேர் உட்காரும் செஸ்னா 172 என்ற சாதாரண விமானமே இன்று புதிதாக வாங்கினால் நான்கு லட்சம் டாலருக்கு மேல் ஆகிறது. ஒரு நல்ல வீட்டின் விலை!

முன்பு இப்படி இல்லை. 1978-ம் ஆண்டில் மட்டும் அமெரிக்கத் தொழிற்சாலைகளிலிருந்து 17,000-க்கும் அதிகமான சிறு விமானங்கள் வெளிவந்தன. பிறகு கிராக்கி விழுந்தது. விபத்து வழக்குகளும் இன்ஷூரன்ஸ் செலவும் கம்பெனிகளை அழுத்தின. 1986-ல் செஸ்னா கம்பெனி சிறு ரக விமானங்கள் செய்வதையே நிறுத்திவிட்டது. 1994-ல் நாடு முழுவதிலும் வெளிவந்த விமானங்கள் ஆயிரத்தைக்கூட எட்டவில்லை. அந்த ஆண்டுதான் ஒரு சட்டம் வந்தது. பதினெட்டு வருஷத்துக்கு மேற்பட்ட சிறு விமானத்துக்காக, அதைச் செய்த கம்பெனி மீது வழக்குப் போடுவதற்கு அது தடை விதித்தது. அதன் பிறகு தொழில் மெல்ல எழுந்தது. ஆனால் பழைய எண்ணிக்கை திரும்பவே இல்லை.

ஆகவே நடுத்தர மனிதர் ஒருவருக்குப் பறக்க ஆசை வந்தால், நாற்பது ஐம்பது வயதான விமானத்தைத்தான் தேட வேண்டும். செஸ்னா 172-ல் மட்டும் இதுவரை 44,000-க்கும் மேல் செய்திருக்கிறார்கள், தேடினால் கிடைக்கும். டென்னசி மாநிலத்தில் 1937-ல் தோன்றிய 'ட்ரேட்-எ-பிளேன்' என்ற பத்திரிகை, மஞ்சள் காகிதத்தில் இந்த விளம்பரங்களை மட்டுமே அச்சடித்துப் பெயர் வாங்கியது. இப்போது அதே விளம்பரங்களைக் கைபேசியிலேயே பார்க்கலாம். பார்ப்பது சுலபமாகிவிட்டது. பதில் வாங்குவதுதான் கஷ்டமாக இருக்கிறது.

யார் இந்தத் தரகர்?

அமெரிக்காவில் வீட்டுத் தரகர் ஆவதற்கு மாநில அரசின் லைசென்சு வேண்டும். பங்கு மார்க்கெட் தரகர் பரீட்சை எழுதிப் பதிவு செய்துகொள்ள வேண்டும். விமானம் ஓட்டுகிறவருக்கு லைசென்சு உண்டு. அதைப் பழுது பார்க்கிற மெக்கானிக்குக்கும் உண்டு. விமானத்தை விற்றுக் கொடுக்கிற தரகருக்கு மத்திய அரசின் லைசென்சு எதுவும் கிடையாது! மேஜை, டெலிபோன், வாய்ச் சாமர்த்தியம் மூன்றும் இருந்தால் போதும்.

இதனால் எல்லாரும் மோசம் என்று சொல்ல வரவில்லை. முப்பது வருஷம் ஒரே ரக விமானத்தை விற்று, ஒவ்வொன்றின் சரித்திரத்தையும் விரல் நுனியில் வைத்திருக்கும் தரகர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் வாங்குவது ஒரு பாக்கியம்.

தரகர் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். அவரைக் கூப்பிடுகிற பத்துப் பேரில் பலர் வாங்கப் போவதில்லை. ஒருவருக்குப் பொழுது போகவில்லை. இன்னொருவர் "ஒரு தடவை பறந்து பார்க்கலாமா?" என்று ஓசிச் சவாரிக்கு அடிபோடுகிறார். வேறொருவர் இரண்டு மணி நேரம் பேசிவிட்டு, "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்று போய்விடுகிறார். 2020, 2021-ல் கொரோனாவுக்குப் பயந்து, கூட்டமில்லாமல் பயணம் செய்யப் பலர் விமானம் தேடினார்கள். விளம்பரம் வருவதற்கு முன்பே விமானங்கள் விற்றுப் போயின. அந்த நாட்களில் சில தரகர்களுக்கு ஒரு சுகம் பழகிவிட்டது. பதில் சொல்லாமலே கமிஷன் வந்தது அல்லவா?

இவை காரணங்கள், ஒப்புக்கொள்கிறோம். ஆனாலும் "விற்றுவிட்டது" என்று ஒரு வார்த்தை எழுத எத்தனை நிமிஷம் ஆகும்? விற்ற விமானத்தின் விளம்பரத்தை எடுக்காமல் வைத்திருப்பது தூண்டில் போடுகிற வேலை. "அது போய்விட்டது, இதைப் பாருங்களேன்" என்று வேறொன்றைத் தள்ளிவிடுவதற்குத்தான் அது பயன்படுகிறது.

கொட்டகையில் நிற்கும் விமானம்

விற்பவர் யார் என்று யோசித்துப் பாருங்கள். பெரும்பாலும் வயதானவர். வைத்தியப் பரிசோதனையில் தேறாததால் இனி தனியே பறக்க முடியாதவர். அல்லது கணவரை இழந்த ஓர் அம்மாள். அந்த அம்மாளுக்கு லாக் புத்தகத்தைப் புரட்டத் தெரியாது. தரகர் சொல்வதுதான் வேதம். "மார்க்கெட் மந்தமாக இருக்கிறது, அம்மா" என்று அவர் சொன்னால் நம்ப வேண்டியதுதான். போன வாரம் ஐந்து பேர் எழுதிக் கேட்டார்கள் என்பதும், ஐந்து கடிதமும் பதில் இல்லாமல் கிடக்கின்றன என்பதும் அந்த அம்மாளுக்கு எப்படித் தெரியும்?

மாதா மாதம் கொட்டகை வாடகை போகிறது. இன்ஷூரன்ஸ் போகிறது. பறக்க வேண்டுமானால் பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருஷப் பரிசோதனை முடித்திருக்க வேண்டும், அதற்கும் பணம்.

இன்னொரு நஷ்டம் கண்ணுக்குத் தெரியாது. இந்த விமானங்கள் பலவற்றில் இருப்பது லைகாமிங் என்ஜின். அதில் வால்வுகளை இயக்கும் கேம் தண்டு மேல் பக்கத்தில் இருக்கிறது. ஓடாமல் நின்றால் எண்ணெய் கீழே வடிந்துவிடும். தண்டில் ஈரம் படிந்து துருப்பிடிக்கும். பிறகு ஒருநாள் ஓட்டும்போது அந்தத் துரு உலோகத்தை அரிக்கத் தொடங்கும். என்ஜினைப் பிரித்துப் புதுப்பிக்கப் பல்லாயிரம் டாலர் ஆகும். ஓடுகிற விமானத்தைவிட நிற்கிற விமானத்துக்குத்தான் வியாதி அதிகம். தரகர் வாய் மூடியிருக்கும் ஒவ்வொரு மாதமும் அந்த வியாதி முற்றுகிறது.

வாங்குபவர் என்ன செய்யலாம்?

முதலாவது, "இன்னும் இருக்கிறதா?" என்று மட்டும் எழுதக் கூடாது. வெட்டிப் பேச்சுக்காரர்கள் எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். விமானத்தின் பதிவு எண்ணைக் குறிப்பிட்டு எழுத வேண்டும். பணம் கையில் இருக்கிறதா, பாங்கு கடன் கொடுக்கச் சம்மதித்துவிட்டதா என்பதைச் சொல்ல வேண்டும். எந்தத் தேதியில் நேரில் வர முடியும், எந்த மெக்கானிக்கை அழைத்து வருவோம் என்பதையும் சேர்க்க வேண்டும். நாலு வரி போதும். இப்படி எழுதியவருக்கும் ஒரு வாரத்தில் பதில் இல்லை என்றால், அந்தத் தரகரை நம்பிக் காத்திருப்பது வீண்.

ஆனால் விமானத்தை விட வேண்டியதில்லை. அமெரிக்க விமானம் ஒவ்வொன்றுக்கும் 'என்' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் பதிவு எண் உண்டு. படத்தில் வால் பக்கத்தைப் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். ஓக்லஹோமா நகரில் மத்திய விமான நிர்வாகத்தின் பதிவு ஆபீஸ் இருக்கிறது. அந்த எண்ணைக் கொடுத்துச் சிறு கட்டணம் கட்டினால், விமானத்தின் ஜாதகமே வந்துவிடும். இதுவரை யார் யார் கையில் இருந்தது, கடன் பாக்கி உண்டா, பெரிய ரிப்பேரோ மாற்றமோ செய்து அரசாங்கத்துக்கு 337-ம் நம்பர் படிவம் அனுப்பினார்களா என்பதெல்லாம் அதில் இருக்கும். தரகர் வாய் திறக்காவிட்டால் என்ன? காகிதம் பேசும்.

சொந்தக்காரர் பெயரும் முகவரியும் அந்தப் பதிவில் உண்டு. சொந்தக்காரர் விரும்பினால் அவற்றைப் பொதுமக்கள் பார்வையிலிருந்து மறைக்கக் கேட்டுக்கொள்ளலாம் என்று 2025-ல் வசதி செய்தார்கள். சிலர் கம்பெனிப் பெயரில் பதிவு செய்திருப்பார்கள். ஆகவே எப்போதும் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. கிடைத்தால் நேரே எழுதலாமா? அது தரகர் தலைக்கு மேல் போவது, தர்மமல்ல என்று சிலர் சொல்கிறார்கள். எழுதலாம் என்பதே நம் கட்சி. ஆனால் கமிஷனை மிச்சப்படுத்தலாம் என்று ஆசை காட்டக் கூடாது. "உங்கள் விமானத்தை வாங்க விரும்பி உங்கள் தரகருக்கு இரண்டு தடவை எழுதினேன், பதில் இல்லை" என்ற தகவல் போதும். தம் வீட்டு வாசலில் வந்து நின்றவரைக் காவல்காரன் விரட்டினால், அது வீட்டுக்காரருக்குத் தெரிய வேண்டாமா?

இன்னொரு வகை மௌனம் இருக்கிறது. அதுதான் பொல்லாதது. இந்தத் தரகர் டெலிபோனை எடுப்பார். கலகலவென்று பேசுவார். பெயிண்டு, ரேடியோ, இருக்கைத் தோல் எல்லாவற்றையும் வர்ணிப்பார். "லாக் புத்தகத்தின் நகல் அனுப்புங்கள்" என்று கேட்டால் மட்டும் காது மந்தமாகிவிடும். விமானத்தின் உடலுக்கும் என்ஜினுக்கும் பறந்த மணிக்கணக்கு, செய்த ரிப்பேர், பட்ட அடி எல்லாம் எழுதும் புத்தகங்கள் அவை. புத்தகம் தொலைந்திருந்தால் விலையும் விழும். மாட்டைப் பல் பிடித்துப் பார்க்க விடாதவனிடம் மாடு வாங்குவீர்களா? அதே கதைதான்.

வாங்குமுன் செய்கிற பரிசோதனையிலும் இந்தத் தந்திரம் நடக்கும். "இங்கேயே நல்ல மெக்கானிக் இருக்கிறார், வருஷா வருஷம் அவர்தான் பார்க்கிறார்" என்பார் தரகர். தாம் சரி என்று கையெழுத்திட்டதைத் தாமே தவறு என்று அவர் சொல்வாரா? சம்பந்தமில்லாத வேறொரு மெக்கானிக்தான் வேண்டும். அதற்குத் தரகர் சம்மதிக்காவிட்டால் அன்றே திரும்பிவிடலாம். இரண்டாயிரம் அடி உயரத்தில் என்ஜின் நின்றால், பக்கத்தில் உட்கார்ந்திருப்பது உங்கள் பிள்ளை, தரகர் அல்ல.

லிண்ட்பர்க் பட்ட பாடு

இந்த வியாதி இன்று நேற்று வந்ததல்ல. 1923-ல் சார்லஸ் லிண்ட்பர்க் வாங்கிய முதல் விமானம், யுத்தம் முடிந்து பட்டாளத்தார் கழித்துவிட்ட பழைய 'ஜென்னி'. விலை 500 டாலர். அதில் தொல்லை இல்லை. 1927-ல் நியூயார்க்கிலிருந்து பாரிசுக்குத் தனியே பறக்க விமானம் தேடினபோதுதான் பட்டார். அவர் ஆசைப்பட்டது ஏற்கெனவே ஒரு கைமாறிய பெல்லாங்கா விமானம், பெயர் 'கொலம்பியா'. விற்பவர் சார்லஸ் லெவின். பேசிய விலை 15,000 டாலர். லிண்ட்பர்க் செக்கோடு நியூயார்க் போனார். செக்கு மேஜைக்கு வந்தபின், ஓட்டுகிறவரைத் தாங்களே நியமிப்போம் என்று லெவின் ஒரு நிபந்தனை போட்டார்! யோசித்து மறுநாள் கூப்பிடும்படி சொன்னார். லிண்ட்பர்க் கூப்பிட்டார், பதிலில் மாற்றம் இல்லை. டெலிபோனை வைத்துவிட்டார்.

அவர் கெஞ்சிக்கொண்டு நிற்கவில்லை. சான் டியேகோ நகரில் ரயான் என்ற சின்னக் கம்பெனி இருந்தது. அவர் விசாரித்து அடித்த தந்திக்கு ஒரே நாளில் பதில் கொடுத்த கம்பெனி அது. அங்கே போனார். 10,580 டாலருக்கு ஒப்பந்தம். அறுபது நாளில் விமானம் தயார். மே 20-ந் தேதி அவர் கிளம்பியபோது, 'கொலம்பியா' கோர்ட்டு வழக்கில் மாட்டிக்கொண்டு கொட்டகையில் நின்றது.

முன்பணம்

பதில் சொல்லாத தரகர் முன்பணம் கேட்க மட்டும் மறப்பதில்லை. அதை அவர் கையில் கொடுக்கவே கூடாது. பத்திரம் சோதித்து, இரு தரப்புக்கும் பொதுவாகப் பணத்தை வைத்திருக்கும் கம்பெனிகள் ஓக்லஹோமா நகரிலேயே இருக்கின்றன, அங்கே கட்டலாம். பரிசோதனையில் பிடிக்காவிட்டால் முழுப் பணமும் திரும்பும் என்று முதலில் எழுத்தில் வாங்க வேண்டும்.

விற்கிறவருக்கும் ஒரு யோசனை உண்டு. தரகரோடு செய்யும் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்ல வேண்டும். வாரம் ஒருமுறை யார் யார் கேட்டார்கள், அவர்களுக்கு என்ன பதில் போயிற்று என்று ஜாபிதா கொடுக்க வேண்டும் என்பதே அந்த வரி. மேலே சொன்ன அம்மாளுக்கு லாக் புத்தகம் புரியாமல் இருக்கலாம். ஐந்து பேர் கேட்டு ஐந்து பேருக்கும் பதில் போகவில்லை என்பது அந்த ஜாபிதாவைப் பார்த்தால் புரியும். அந்த வரிக்குக் கீழே கையெழுத்துப் போடத் தயங்குகிற தரகரிடம் விமானத்தை ஒப்படைக்க வேண்டாம். பக்கத்து ஊர் விமான நிலையத்திலும் தரகர் இருப்பார்.