எருமைத் தொழுவத்திலிருந்து தொடங்குங்கள், ஆணையர் அவர்களே

மதிப்பிற்குரிய மும்பை மாநகராட்சி ஆணையர் அவர்களுக்கு,

மழைக்காலத்தை எண்ணித் தாராவியிலிருந்து இம்மடலை எழுதுகிறேன். என் வேண்டுகோள் ஒன்றுதான்: எலிக்காய்ச்சல் தடுப்புப் பணி இந்நகரின் மாட்டுத் தொழுவங்களிலிருந்து தொடங்கட்டும்.

எலிக்காய்ச்சலைத் தருவது லெப்டோஸ்பைரா என்னும் திருகு வடிவ பாக்டீரியா. எலி அதைச் சுமக்கிறது என்பது ஊரறிந்தது. எருமையும் பசுவும் பன்றியும் நாயும் சுமக்கின்றன என்பது அவ்வளவாகத் தெரியாது. தொற்றிய மாட்டுக்குச் சினை கலையலாம், பால் திடீரெனக் குறையலாம். பல மாடுகளில் அறிகுறியே இருக்காது. கிருமி சிறுநீரகத்தில் மாதக்கணக்கில் தங்கி, சிறுநீரோடு வெளியேறிக்கொண்டே இருக்கும். வெயிலில் காய்ந்தால் மடிந்துவிடும். ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாரக்கணக்கில் பிழைத்திருக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பை அதற்கு ஏற்ற ஊர்.

நகருக்குள் இருந்த தொழுவங்களை ஓரிடத்தில் சேர்க்கவே 1949-இல் ஆரே பால் காலனி உருவானது. அதன்பிறகும் புறநகர்களில் தபேலாக்கள் என்னும் மாட்டுத் தொழுவங்கள் நீடிக்கின்றன. அங்கே முர்ரா எருமைகள் நெருக்கமாகக் கட்டப்பட்டு நிற்கின்றன. தரை கழுவிய நீர் வடிகாலில் கலந்தால், அடைமழையில் அது எந்தத் தெருவில் ஏறும் என்று யாரும் சொல்ல முடியாது. கோயில் வாசலில் கட்டியிருக்கும் பசுவுக்குக் காசு கொடுத்துப் புல் வாங்கிப் போடுகிறோமே, அதற்கு யார் இரத்தப் பரிசோதனை செய்கிறார்கள்?

2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. வெள்ளம் வடிந்த பின் எலிக்காய்ச்சல் பரவிப் பலர் இறந்தார்கள். இன்றும் பெருமழை என்றால் மாதுங்காவின் கிங்ஸ் சர்க்கிளிலும் தாராவியின் தாழ்வான சந்துகளிலும் செம்பூரின் பள்ளமான காலனிகளிலும் முழங்கால் அளவு தண்ணீரில்தான் மக்கள் வேலைக்குப் போகிறார்கள். காலில் ஒரு சிறு வெடிப்போ சிராய்ப்போ போதும், கிருமி உள்ளே நுழைந்துவிடும். சாக்கடையில் இறங்கும் துப்புரவுத் தொழிலாளர்களுக்கு இந்த ஆபத்து அன்றாடம் உண்டு. அவர்களில் தமிழர்கள் பலர். காய்ச்சல், தலைவலி, கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு என்று தொடங்கும். சாதாரண மழைக் காய்ச்சல் என்று கடை மாத்திரையோடு காத்திருந்தால், சிலருக்கு மஞ்சள் காமாலையும் சிறுநீரகச் செயலிழப்பும் நுரையீரலில் இரத்தக்கசிவும் வந்துவிடுகின்றன.

வெள்ளநீரில் நடந்தவர்கள் 72 மணி நேரத்துக்குள் மருத்துவரைக் கேட்டு டாக்சிசைக்ளின் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று மாநகராட்சியே சொல்கிறது. நல்ல அறிவுரை. கேரளத்தில் 2018 வெள்ளத்துக்குப் பின் சுகாதார ஊழியர்கள் அம்மாத்திரையை மக்களிடமே கொண்டு சேர்த்தார்கள். தாராவியில் நாள்கூலியை விட்டுவிட்டு மருந்தக வரிசையில் நிற்க எத்தனை பேரால் முடியும்? மாத்திரையும், தமிழிலும் எழுதிய அறிவிப்பும், கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் மாற்று மருந்தைப் பரிந்துரைக்கும் ஆளும் சந்துக்குள் வர வேண்டும்.

அதற்கும் முந்திய வேலை மாட்டிடம் இருக்கிறது. பரேலில் 1886 முதல் இயங்கும் கால்நடை மருத்துவக் கல்லூரி உங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அதன் துணையோடு மே மாதத்துக்குள் ஒவ்வொரு தபேலாவிலும் இரத்த, சிறுநீர் மாதிரிகளை எடுத்து, முடிவுகளை வார்டு வாரியாக வெளியிடுங்கள். தொழுவக் கழிவு நீர் மழைநீர் வடிகாலில் நேரடியாகக் கலப்பதை நிறுத்துங்கள்.

தொற்றிய மாட்டுக்கு ஆன்டிபயாடிக் ஊசி போட்டால், சில நாள் அதன் பாலை விற்கக் கூடாது. அந்த நாள்களின் வருமானத்தை மாட்டுக்காரர் எங்கே தேடுவார்? இழப்பீடு தராமல் பரிசோதனைக்குப் போனால், நோயுள்ள மாட்டை அவர் மறைக்கத்தான் செய்வார். மறைத்த மாட்டின் சிறுநீர் மழையோடு நம் தெருவுக்கு வரும். ஆகவே அவரைக் குற்றவாளியாக நடத்தாமல், இத்திட்டத்தில் பங்காளியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். சில நாள் பாலுக்கான தொகை, தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு நோயாளிக்கு ஆகும் செலவைவிடக் குறைவாகவே இருக்கும்.

கால்நடை மருத்துவரும் தொற்றுநோய்ப் பிரிவு மருத்துவரும் ஒரே பட்டியலை வைத்துக்கொண்டு வேலை செய்ய ஓர் ஆணை போதும். அதில் கையெழுத்திடும் அதிகாரம் உங்களுக்கு இருக்கிறது. முதல் மழைக்கு முன்னால் இட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
தாராவி வாழ் தமிழர் ஒருவர்