ரகு, நம்ம ஊர்ப் பையன்

ஓசூரில் மூன்று பாஷை தெரியாதவன் நிம்மதியாக டீ குடிக்க முடியாது. மாஸ்டரிடம் கன்னடம், கல்லாவில் தெலுங்கு, கடன் சொல்லும்போது மட்டும் தமிழ். அப்படி ஒரு கடையில்தான் 2023 மார்ச் 13-ம் தேதி காலையில் நாங்கள் ஆஸ்கார் கொண்டாடினோம். சிப்காட்டில் நைட் ஷிப்ட் முடித்து வந்த பையன்கள் 'நாட்டு நாட்டு'வுக்காகத் தோளோடு தோள் பிடித்து ஆடியதில் மூன்று டம்ளர் காலி. அதே மேடையில் ஒரு தமிழ்க் குறும்படமும் விருது வாங்கியதை ஒருத்தரும் கண்டுகொள்ளவில்லை. நான் உள்பட.

'தி எலிஃபென்ட் விஸ்பரர்ஸ்'. சுமார் 40 நிமிஷம். டாகுமென்டரி என்றாலே எங்கள் வீட்டில் ஒரு ஒவ்வாமை உண்டு. அப்பா காலத்துத் தியேட்டரில் அது முறுக்கு வாங்கிவர ஒதுக்கப்பட்ட நேரம். அந்தப் பரம்பரையில் வந்தவன் நான். ஒரு ஞாயிற்றுக்கிழமை கரண்ட் இருந்து, வேலை இல்லாமல் இருந்து, வேறு வழியில்லாமல் பார்த்தேன்.

பார்த்த பிறகு விசாரித்தால், ஹீரோ நம்ம ஊர்ப் பையன் சார்!

ஹீரோ பெயர் ரகு. யானைக்குட்டி. படம் எடுத்தது முதுமலை தெப்பக்காடு முகாமில் என்பதால் எல்லோரும் அவனை நீலகிரிக்காரன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 2017-ல் அவனைக் கண்டெடுத்தது நம்ம தேன்கனிக்கோட்டைக் காட்டில். அம்மா கரண்ட் அடித்துச் செத்துப்போய், உடம்பெல்லாம் காயமாய், பிழைக்காது என்று எல்லோரும் கைவிட்ட கேஸ். முகாமில் பொம்மனும் பெள்ளியும் அவனை வளர்த்தார்கள். இருவரும் காட்டுநாயக்கர் சமூகம். ஊட்டியைச் சேர்ந்த கார்த்திகி கொன்சால்வ்ஸ் ஐந்து வருஷம் கூடவே இருந்து படம் பிடித்தார். குட்டி பால் குடிக்கிறது, குளிக்கிறது, சாப்பாட்டில் தேங்காயை மட்டும் பொறுக்குகிறது. நம் வீட்டுப் பிள்ளை உப்புமாவில் முந்திரி தேடுகிற அதே முகம். கதை அவ்வளவுதான். நான் இரண்டு தடவை கண்ணைத் துடைத்தேன். தூசி என்று மனைவியிடம் சொன்னேன், நம்பவில்லை.

விருது கிடைத்த அன்று பொம்மன் டி.வி. முன்னால் உட்கார்ந்திருக்கவில்லை. தர்மபுரி பக்கம் குட்டி யானை வேலையாகப் போயிருந்தார். ஆறு நாள் முன்புதான், மார்ச் 7-ம் தேதி, மாரண்டஹள்ளி அருகே வயலுக்குப் போட்ட திருட்டுக் கரண்ட் வேலியில் மூன்று யானைகள் செத்திருந்தன. கூட வந்த இரண்டு குட்டிகள் தப்பித்துச் செத்த தாயைச் சுற்றிச் சுற்றி நின்றன. அதாவது, மேடையில் ஒரு ரகுவுக்குக் கை தட்டுகிற வாரத்தில், இங்கே இன்னும் இரண்டு ரகு தயார்.

இதை எழுதி முடித்து 'ஐயோ பாவம் யானை' என்று கையெழுத்துப் போட்டுவிடலாம். ஆனால் எனக்கு தேன்கனிக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு மாமா இருக்கிறார். அவருக்கு ஒன்றரை ஏக்கர் கேழ்வரகு இருக்கிறது.

வருஷா வருஷம் கதிர் முற்றும் நேரத்துக்கு பன்னேர்கட்டா பக்கமிருந்து யானைக்கூட்டம் ஜவளகிரி வழியாக இறங்கும். கர்நாடகாவிலிருந்து தண்ணீர் வருகிறதோ இல்லையோ, இது தவறாமல் வரும். ஒரு ராத்திரி போதும். நான் பி.காம். என்பதால் மாமா என்னைக் கணக்குப் போடச் சொல்வார். உழவு, விதை, உரம், களை எடுத்த கூலி எல்லாம் பற்று. வரவில் நான்கு கூடை சாணி.

போன டிசம்பரில் காவலுக்குத் துணையாகப் பரண் மேல் உட்கார்ந்தேன். குளிர் எலும்பைக் கடித்தது. தூக்கம் வராமலிருக்க செல்லில் அந்தப் படத்தைப் போட்டுக் காட்டினேன்.

மாமா முதலில் சிரித்தார். "இன்னா மாப்ளே, உருண்டை பிடிச்சி ஊட்றாங்க. கேழ்வரகா அது?"

"கேழ்வரகு, கொள்ளு, வெல்லம் எல்லாம் முகாம்ல குடுப்பாங்க மாமா."

"அங்க குடுத்தா ஆஸ்காரு. இங்க அதுவா எடுத்துக்கினா பட்டாசா?"

ரகுவின் அம்மா கதை வந்தபோது அவர் பீடியைக் கீழே வைத்தார். "லைன்ல மாட்டிச்சா?" என்றார். அதற்கப்புறம் ரொம்ப நேரம் பேசவில்லை.

பிறகு அவராகவே சொன்னார். முந்தின வருஷம் ஒருத்தன் வந்து, லைன் கம்பத்தில் கொக்கி போட்டு வயலைச் சுற்றிக் கம்பி இழுத்துத் தருகிறேன் என்றானாம். சோலார் வேலி என்றால் விட்டு விட்டு ஒரு கணம் அடிக்கும். யானை பயந்து திரும்பிவிடும், சாகாது. ஆனால் அதற்குக் காசு வேண்டும். கொக்கி இலவசம். 230 வோல்ட் நேராகப் பாயும். யானை என்ன, ராத்திரி ஒண்ணுக்குப் போகிற மனுஷனும் எழுந்து வரமாட்டான்.

"வேணாம்னு சொல்லிட்டீங்களா மாமா?"

"யோசிச்சி சொல்றேன்னேன்."

எனக்கு வயிற்றில் என்னவோ செய்தது. ஊர் உலகத்துக்கெல்லாம் நல்ல மனுஷன். அக்கா கல்யாணத்துக்கு ஆட்டை விற்றுப் பணம் தந்தவர். அவருமே யோசித்திருக்கிறார்.

"அப்புறம்?"

"கம்பி வாங்கினேன். தோ, மாட்டுக் கொட்டாய்ல கிடக்குது. உங்க அத்தை துணி காயப் போட வெட்டி எடுத்துக்கினா."

இரண்டு மணிக்கு மேல் ஓரமாகச் சோளத்தட்டை முறிகிற மாதிரி சத்தம். டார்ச் அடித்தால் ஐந்து முதுகு, நடுவில் ஒரு குட்டி. பக்கத்துப் பரண்களிலிருந்து தகர டப்பா, விசில், பட்டாசு. மாமாவும் தொண்டை கிழியக் கத்தினார். கன்னடத்தில். "அதுங்க அங்கிருந்துதானே வருது, தமிழ் எப்படிப் புரியும்?" என்று எனக்கு விளக்கம் வேறு.

விடிந்து பார்த்தால் கால் ஏக்கர் தரையோடு தரை. மாமா வரப்பில் உட்கார்ந்து மிதிபட்ட கதிரைக் கையில் எடுத்து ஊதிப் பார்த்தார்.

"மாப்ளே, அந்தப் படம் எடுத்த பொண்ணு ரெண்டாவது பாகம் எடுத்தா சொல்லு. கேழ்வரகு சப்ளை யாருன்னு டைட்டில்ல என் பேரைப் போடணும்."