முப்பத்தைந்தாவது வெற்றி யாருடையது?

ஜூலை மாதம் வந்தால் எங்கள் வீட்டில் எனக்குக் கெட்ட பெயர். டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயம். சாயங்காலம் காபி டம்ளரோடு டிவி முன்னால் உட்கார்ந்தால் ராத்திரிச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பேன். "எவனோ சைக்கிள் மிதிக்கிறான், உங்களுக்கு மூச்சு வாங்குதே!" என்பாள் மனைவி.

2024 ஜூன் 29 அன்று உண்மையிலேயே மூச்சு வாங்கியது. அந்த வருஷம் பந்தயம் இத்தாலியில், ஃபுளோரன்ஸில் தொடங்கியது. முதல் நாளே ரிமினி வரை 206 கிலோமீட்டர். வழியில் ஏழு மலையேற்றங்கள், மேலே கொளுத்தும் வெயில். பிரிட்டனின் மார்க் கேவண்டிஷுக்கு அப்போது 39 வயது. சமதளத்தில் கடைசி சில நூறு மீட்டரில் பாய்ந்து ஜெயிக்கிறவர் அவர், மலை ஆகாது. டூரில் ஒவ்வொரு நாள் ஓட்டமும் ஒரு கட்டம். எடி மெர்க்ஸ் 34 கட்டங்களில் வென்ற சாதனையை 2021இல் கேவண்டிஷ் சமன் செய்துவிட்டார். 2023இல் விழுந்து காறை எலும்பை முறித்துக்கொண்டார். ஓய்வு பெறுவதாக அறிவித்திருந்தவர், அந்த இன்னொன்றுக்காக மறுபடி வந்திருந்தார்.

வந்தவர் முதல் நாளே மலையில் வாந்தி எடுத்தார். பெருங்கூட்டம் அவரை விட்டுவிட்டுப் போய்விட்டது. முதலில் வருபவரின் நேரத்தை வைத்து ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு கெடு உண்டு. அதைத் தாண்டி வந்தால் மறுநாள் ஓட முடியாது.

அப்போதுதான் அவருடைய அணித் தோழர்கள் வேகத்தைக் குறைத்து அவரோடு நின்றார்கள். முன்னால் போய் எதிர்காற்றைத் தாங்கிக்கொண்டார்கள், தண்ணீர் கொடுத்தார்கள், அவர் கால் தாங்கும் வேகத்துக்குத் தங்கள் காலை அடக்கிக்கொண்டார்கள். 39 நிமிடம் பிந்தி வந்து சேர்ந்தார்கள். கெடுவுக்குச் சுமார் பத்து நிமிடம்தான் மிச்சம்.

ஜூலை 3, ஐந்தாம் கட்டம், பிரான்சில் சான் வுல்பா என்னும் ஊர். கேவண்டிஷ் பாய்ந்தார், ஜெயித்தார். முப்பத்தைந்து! நான் போட்ட சத்தத்தில் அடுக்களையிலிருந்து மனைவி ஓடி வந்துவிட்டாள்.

சாதனைப் பட்டியலில் ஒரே பெயர்தான் இருக்கிறது. அது சரியில்லை என்பது என் கட்சி. முதல் நாள் அந்தத் தோழர்கள் இல்லையென்றால் ஐந்தாம் நாள் அவருக்கு ஏது? இப்படி அடுத்தவருக்காக மிதிப்பவர்களை 'டொமெஸ்டிக்' என்பார்கள். பிரெஞ்சு மொழியில் வீட்டு வேலைக்காரர் என்று அர்த்தம். அந்த முதல் கட்டத்தில் வென்ற ரொமான் பார்டே, கோட்டைத் தாண்டும்போது பக்கத்தில் வந்த இளம் தோழர் ஃபிராங்க் வான் டென் புரூக்கைக் கை நீட்டிக் காட்டினார். 'இவனால்தான்' என்று உலகத்துக்குச் சொல்கிற மாதிரி இருந்தது. எனக்கு அது சுருக்கென்று தைத்தது.

காரணம் இருக்கிறது. ஒரு வருஷம் மார்ச் கடைசியில் எனக்கு மஞ்சள் காமாலை. அலுவலகத்தில் வருஷக் கணக்கு முடிக்க வேண்டிய நேரம். பக்கத்து மேஜைக்காரர், என்னைவிடப் பத்து வயது இளையவர், ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து என் கணக்கையும் சேர்த்து முடித்தார். பாராட்டுக் கடிதம் என் பெயருக்கு வந்தது. ஓய்வு பெற்ற நாளில் மாலையைப் போட்டுக்கொண்டு மைக் முன்னால் கால் மணி நேரம் பேசினேன். அவர் பெயரைச் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று சொன்னால் அது பாதி உண்மை.

அன்று ராத்திரி அவருக்குப் போன் போட்டேன். "அதையெல்லாம் இன்னும் ஞாபகம் வச்சிருக்கீங்களா சார்?" என்று சிரித்தார். அவரும் மறக்கவில்லை என்பது அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது.

நம் வயதில் புதிதாக ஜெயிக்க ஒன்றும் இல்லை. கை நீட்டிக் காட்ட வேண்டியவர்கள் மட்டும் பாக்கி இருக்கிறார்கள். கெடு முடிவதற்குள் காட்டிவிடுங்கள்.