நள்ளிரவில் தட்டப்பட்ட கதவு

கடவுள் அன்புமயமானவர் என்று ஞாயிறுதோறும் ஆலயத்தில் அறிக்கையிடுவது எளிது. அந்த அன்பு திங்கட்கிழமை காலையில் நம் கைகளின் வழியே பிறரைச் சென்றடைகிறதா என்பதே விசுவாசத்தின் மெய்யான பரீட்சை.

திண்டிவனத்தில் ஓர் இரவில், ஆண் வைத்தியர் வருவதற்கு வழக்கம் இடந்தராமையால், மூன்று பெண்கள் பிரசவ வேதனையில் உயிர்நீத்த செய்தி கேட்டு உள்ளமுருகிய ஐடா ஸ்கடர் என்னும் இளம்பெண், அத்துயரத்தையே தேவ அழைப்பாக ஏற்று, அமெரிக்காவில் மருத்துவம் பயின்று திரும்பி, 1900-இல் வேலூரில் ஒரே படுக்கையுடன் தொடங்கிய சேவையே, 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாக வளர்ந்து, இன்று கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி என்னும் ஆலவிருட்சமாக நிழல் தருகிறது.

ஜெபம் அவசியமே, ஆயினும், அண்டையில் எழும் அழுகுரல் செவியில் விழாத ஜெபம் பூரணமாகாது என்பது என் திடமான நம்பிக்கை. நோயுற்ற அயலானுக்கு ஒரு குவளைக் கஞ்சியும், பேச்சுத்துணையற்ற முதியவரோடு அரை நாழிகையுமே நம் அன்றாட ஆராதனையாகட்டும்.