பத்து மணிக்கு நின்றால் போதாது: திறந்தவெளி இசை நிகழ்ச்சிகள் பற்றி எங்கள் நிலைப்பாடு

சென்னையில் திறந்தவெளி இசை நிகழ்ச்சிகள் நடக்கும் மைதானங்களை ஒட்டிக் குடியிருப்போரின் நலச் சங்கங்கள் சேர்ந்து எடுத்த முடிவு இது. நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானமானாலும் சரி, கிழக்குக் கடற்கரைச் சாலையின் தனியார் திடல்களானாலும் சரி, எந்த இடத்திலும் இசை நிகழ்ச்சியைத் தடைசெய்யும்படி நாங்கள் கேட்கவில்லை. எத்தனை மணிக்கு முடியும் என்று மட்டும் பார்த்து அனுமதி கொடுக்கும் வழக்கத்தை விட்டுவிட்டு, மைதான எல்லையிலும் மிக அருகிலுள்ள வீட்டு ஜன்னலிலும் எவ்வளவு சத்தம் வந்து சேர்கிறது, அதில் பேஸ் (தாழ்ந்த சுருதி ஒலி) எவ்வளவு என்று அளந்து அனுமதி கொடுங்கள் என்கிறோம். 2023 செப்டம்பர் 10 அன்று பனையூரில் நடந்த ஏ.ஆர். ரஹ்மான் இசை நிகழ்ச்சியின் நெரிசலுக்குப் பிறகு டிக்கெட், பார்க்கிங், பெண்களின் பாதுகாப்பு எல்லாம் பேசப்பட்டன. அவை பேசப்பட வேண்டியவைதான். ஆனால் அந்தப் பேச்சு முழுவதும் டிக்கெட் வாங்கியவர்களைப் பற்றியதாகவே இருந்தது. டிக்கெட் வாங்காமலேயே நிகழ்ச்சி முழுவதையும் கேட்க நேர்கிற தெருக்காரர்கள் அதில் இடம்பெறவில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி, குடியிருப்புப் பகுதியில் காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை 55 டெசிபல், அதன் பிறகு 45 டெசிபல். ஒலிபெருக்கி வைக்கும் பொது இடத்தின் எல்லையில் இந்த அளவுக்கு மேல் 10 டெசிபலோ மொத்தம் 75 டெசிபலோ, எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது. அப்படியானால் குடியிருப்புப் பகுதி மைதானத்தின் எல்லையில் பகலில் 65தான் உச்சம். தனியார் இடமென்றால் இன்னும் கண்டிப்பு, 5 டெசிபல்தான் சலுகை. இப்போது எதிர்ப்பக்கக் கணக்கைப் பாருங்கள். பெரிய நிகழ்ச்சியொன்றில் மேடைக்கு 40 மீட்டர் தள்ளியிருக்கும் மிக்சர் மேசையில் 100 டெசிபல் சாதாரணம். வெட்டவெளியில் தூரம் இரட்டிக்கும்தோறும் 6 டெசிபல் குறையும் என்பது பாடநூல் கணக்கு. 80 மீட்டரில் 94, 160இல் 88, 320இல் 82. 65க்கு இறங்க வேண்டுமானால் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். இடையில் கட்டடங்கள் தடுக்கும், ஸ்பீக்கர்கள் முன்பக்கம் பார்த்து ஒலிக்கும் என்பதால் உண்மையில் இதைவிடக் குறையும்தான். இருந்தாலும் 82க்கும் 65க்கும் நடுவே உள்ள 17 டெசிபல் சின்ன இடைவெளி இல்லை. 10 டெசிபல் கூடினாலே ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு, காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தம். எல்லையில் யாரும் அளக்காததால் இந்த எண் ஏட்டோடு நின்றுவிடுகிறது. எல்லோர் கையிலும் கடிகாரம் இருப்பதால் பத்து மணி மட்டும் சட்டமாக மிஞ்சுகிறது. "பத்துக்கு முடித்துவிட்டோமே" என்கிறார் ஏற்பாட்டாளர். "ஏழு மணியிலிருந்து வீடே அதிர்ந்தது" என்கிறார் குடியிருப்பவர். இரண்டு பேர் சொல்வதும் உண்மை.

அளந்தாலும் எதை அளக்கிறோம் என்பது அடுத்த சிக்கல். நம் விதிகள் பயன்படுத்தும் டெசிபல், 'ஏ' எடையிட்ட டெசிபல். மெல்லிய ஒலிகளைக் காது கேட்கும் விதத்தை ஒட்டி அமைந்த அளவு அது. தாழ்ந்த சுருதி ஒலிகளை அது வேண்டுமென்றே தள்ளுபடி செய்கிறது. 63 ஹெர்ட்ஸில் அந்தத் தள்ளுபடி 26 டெசிபல். 90 டெசிபலுக்கு அடிக்கும் பேஸ், ஒலிமானியில் 64 என்று நல்ல பிள்ளையாகக் காட்டும். இன்றைய மேடையின் பலமே இந்தப் பேஸில்தான் இருக்கிறது. வரிசையாக அடுக்கிய சப்-ஊஃபர்களிலிருந்து வரும் 50 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 7 மீட்டர். மதில் சுவரும் மரமும் அதற்கு ஒரு பொருட்டில்லை. மேடைக்குப் பின்புறமும் அது பரவும், மூடிய ஜன்னலையும் கடக்கும். பாடகரின் குரலும் வயலினும் சுவரோடு நின்றுவிட, அடித்துக்கொண்டேயிருக்கும் தாளம் மட்டும் வீட்டுக்குள் வரும். பாட்டு என்னவென்று தெரியாது, ஆனால் அலமாரியில் அடுக்கிய எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுக்கும், பீரோ கதவு நடுங்கும். புகார் கொடுத்தவர் மிகைப்படுத்துகிறார் என்ற எண்ணம் அதிகாரிகளுக்கு வருவதற்கு இந்த ஒலிமானியும் ஒரு காரணம் என்று நினைக்கிறோம். பேஸை ஏறக்குறைய அப்படியே காட்டும் 'சி' எடை அளவு அதே கருவியில் ஒரு பொத்தானை மாற்றினால் கிடைக்கும். பிரிட்டனில் 1995இல் வந்த இசை நிகழ்ச்சி ஒலி நெறிமுறை 63, 125 ஹெர்ட்ஸ் பட்டைகளைத் தனியாகவே பேசுகிறது. அந்தப் பட்டைகளில் 70 டெசிபல் வரை பெரிய தொந்தரவில்லை, 80ஐத் தொட்டால் கடுமையான தொந்தரவு என்பது அதன் கணிப்பு.

சென்னைக்கென்று இரண்டு காரணங்கள் இதைக் கூட்டுகின்றன. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகுதான் இங்கே திறந்தவெளி சீசன் சூடுபிடிக்கும். ஜனவரி, பிப்ரவரி இரவுகளில் தரையருகே குளிர்ந்த காற்றும் மேலே சற்று வெப்பமான காற்றும் படிந்து நிற்பதால், மேலே போக வேண்டிய ஒலி வளைந்து கீழேயே திரும்பும். போகியன்று காலையில் புகை கலையாமல் தெருமட்டத்தில் தேங்குவதும் இதே நிலைமையால்தான். ஆகவே பகல் மூன்று மணி சவுண்ட் செக்கில் பொறுக்கும்படி இருந்த அதே அளவு, இரவு ஒன்பது மணிக்கு எட்டாத தெருவுக்கும் எட்டும். இன்னொன்று தேர்வு. பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு, மார்ச்சில் பொதுத் தேர்வு. பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் படிக்கிற வீடுகளுக்கு அந்த இரவுகள் ஏன் முக்கியம் என்று தமிழ்நாட்டில் விளக்க வேண்டியதில்லை. பத்து மணிக்கு எல்லாம் முடிந்துவிடுவதுமில்லை. கூட்டம் கலைந்ததும் மேடையைப் பிரிக்கும் வேலை தொடங்கும். இரும்பு டிரஸ் குழாய்கள் லாரியில் விழும் ஓசை, பின்னால் வரும் லாரியின் பீப் ஒலி, ஜெனரேட்டர் இரைச்சல் எல்லாம் விடிய விடியப் போகும். இதைத் தனியாக ஒரு தொந்தரவாக யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

மைதானம் முதலில் வந்தது, வீடு பிறகு வந்தது, தெரிந்துதானே குடிவந்தீர்கள் என்பது எங்களிடம் அடிக்கடி சொல்லப்படும் வாதம். அதில் நியாயம் உண்டு. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2014இலும் லண்டன் 2021ஆம் ஆண்டின் நகரத் திட்டத்திலும் இதை ஒரு கொள்கையாகவே ஏற்றன. பழைய இசைக்கூடத்தின் பக்கத்தில் புதிதாக அடுக்குமாடி கட்டுகிறவர்தான் ஒலித்தடுப்புச் செலவை ஏற்க வேண்டும், மாற்றத்தைக் கொண்டுவருகிறவர் அதன் சுமையையும் தாங்க வேண்டும் என்பது அதன் சாரம். நாங்கள் அந்தக் கொள்கையை முழுமனதோடு ஏற்கிறோம். இங்கே மாறியது எது என்பதுதான் கேள்வி. நந்தனத்தில் இருப்பது உடற்கல்விக் கல்லூரியின் மைதானம். ஓட்டமும் கால்பந்தும் அதன் இயல்பு, ஜனவரியில் புத்தகக் காட்சி வந்தால் தெருவில் கூட்டம் கூடுமே தவிர ஜன்னல் அதிராது. மைதானத்தின் வயது நூறாக இருக்கலாம், இத்தனை சப்-ஊஃபர்களின் வயது அவ்வளவு இல்லை. மாற்றத்தைக் கொண்டுவந்தவர் நிகழ்ச்சி நடத்துகிறவர்தான், ஆகவே சுமையும் அவருடையது.

அடுத்த கேள்வி, கொஞ்சம் குத்தலோடு வரும்: ஆடி மாதக் கூழ் ஊற்றலுக்கும் அரசியல் பொதுக்கூட்டத்துக்கும் வாய் திறக்காதவர்கள் சினிமாப் பாட்டுக்கு மட்டும் ஏன் பொங்குகிறீர்கள்? எல்லாவற்றுக்கும் ஒரே அளவுகோல் வேண்டும் என்பதே எங்கள் பதில். நாடெங்கும் மேற்கோள் காட்டப்படும் ஒலி வழக்குகளில் ஒன்று சென்னையில் பிறந்தது என்பதையும் நினைவூட்டுகிறோம். கே.கே.ஆர். நகரின் தேவாலயமொன்றின் ஒலிபெருக்கியை எதிர்த்துக் குடியிருப்போர் நலச் சங்கம் போட்ட வழக்கில், பிறர் அமைதியைக் குலைத்துப் பிரார்த்திக்கும்படி எந்த மதமும் சொல்லவில்லை என்று 2000 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் கூறியது. 2005 ஜூலையில் வந்த பெரிய தீர்ப்பு, பேச்சுரிமை என்பது விருப்பமில்லாதவர் காதில் ஒலிபெருக்கியால் திணிக்கும் உரிமையாகாது என்றது. கோயில், தேவாலயம், மசூதி, கட்சி, கச்சேரி என்று எதற்கும் இதில் விலக்கில்லை. இருந்தும் அளவீட்டை டிக்கெட் விற்கும் நிகழ்ச்சிகளிலிருந்து தொடங்கச் சொல்கிறோம். மாதக்கணக்கில் முன்னறிவிப்பு, தேர்ந்த சவுண்ட் இன்ஜினியர், வருமானம் மூன்றும் அங்கேதான் ஒன்றாக இருக்கின்றன. அங்கே முடியாதென்றால் தெருமுனைக் குழாய் ஸ்பீக்கரிடம் எதிர்பார்ப்பது வீண்.

ஒலியைக் குறைத்தால் கலை கெடும், பெரிய கலைஞர்கள் வரமாட்டார்கள் என்பதை நாங்கள் ஏற்கவில்லை. நியூயார்க் சென்ட்ரல் பார்க்கின் திறந்த அரங்கில் மாநகராட்சியின் ஒலிக்கருவிகளையும் மாநகராட்சியின் ஒலிக் கலைஞரையும்தான் பயன்படுத்த வேண்டும் என்ற விதியை எதிர்த்த வழக்கில், 1989இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த விதி செல்லும் என்றது. பேச்சுச் சுதந்திரத்துக்கு அத்தனை இடம் கொடுக்கும் நாட்டிலேயே சத்தத்தின் அளவு வேறு, பாட்டின் உள்ளடக்கம் வேறு என்று பிரித்துப் பார்க்க முடிந்தது. 2012 ஜூலையில் லண்டன் ஹைட் பார்க்கில் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனோடு பால் மெக்கார்ட்னி பாடி முடித்து மேடையில் நின்றபோதே, அனுமதி நேரம் கடந்ததால் ஏற்பாட்டாளர்களே ஒலியை நிறுத்தினார்கள். ரசிகர்கள் திட்டித் தீர்த்தார்கள், ஆனால் ஹைட் பார்க்கில் கச்சேரி ஓய்ந்துவிடவில்லை. வழிகளும் புதிதில்லை. மேடையின் முகத்தை வீடுகள் இல்லாத பக்கம் திருப்பலாம், மேடையில் குவியும் ஒலியை மைதானத்துக்குள் தள்ளித் தள்ளி நிற்கும் ஸ்பீக்கர் கோபுரங்களாக (டிலே டவர்) பிரிக்கலாம், சப்-ஊஃபர்களைப் பின்பக்க ஒலி குறையும்படி கார்டியாய்ட் முறையில் அடுக்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2022இல் ரசிகர்களின் காதுகளுக்காகவே 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று வரையறுத்தது. அதையும் தாண்டி ஒலிக்க வேண்டிய கலைத் தேவை எதுவும் எங்களுக்குத் தெரியவில்லை.

வருஷத்தில் சில நாள்தானே என்பவர்களுக்கு: சரி, அந்தச் சில நாள்கள் எவை என்று சீசனுக்கு முன்பே மைதானவாரியாக வெளியிடுங்கள், மார்ச்சில் ஒன்றும் வேண்டாம். பத்து மணிக்கு மேல் நள்ளிரவு வரை தளர்த்த விதிகள் தரும் சலுகை ஆண்டுக்கு 15 நாள், அதுவும் பண்பாட்டு, சமய விழாக்களுக்கு. வணிக நிகழ்ச்சிக்கு அதை நீட்டக் கூடாது. அனுமதி ஆணையிலேயே எல்லை அளவையும் பேஸ் அளவையும் எழுதி, சவுண்ட் செக்கின்போதே ஒலிமானியோடு மிக அருகிலுள்ள வீடுவரை நடந்து பார்த்து, அதற்கேற்ப மிக்சரின் உச்சத்தைப் பூட்ட வேண்டும். நிகழ்ச்சியின்போது புகார் தொலைபேசியை எடுக்கிறவர் அந்த மிக்சர் மேசையின் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். மேடை பிரிப்பு இரவு 11 மணிக்கு நின்று காலை 6க்குத் தொடரட்டும். லைட்மேன், மேடைத் தொழிலாளி, ஜெனரேட்டர் ஓட்டுநர் என்று பலரின் பிழைப்பு இதில் இருப்பது எங்களுக்குத் தெரியும். அதனால்தான் தடை கேட்கவில்லை, பிரிப்பு வேலைக்குக் கூடுதலாக ஆகும் அரை நாள் கூலியும் அவர்களுக்குத்தான் சேரும். எவ்வளவு முயன்றும் ஒரு மைதானத்தில் அளவுக்குள் நிற்க முடியவில்லையென்றால், அங்கே சிறிய நிகழ்ச்சி நடக்கட்டும், பெரியது வேறிடம் போகட்டும். பிரிட்டன் நெறிமுறை ஆண்டுக்கு மூன்று நாளுக்குள் நடத்தும் நகர அரங்குகளுக்கு 75 டெசிபல் வரை விட்டுக்கொடுத்து, நாள்கள் கூடினால் அளவை இறுக்குகிறது. மத்திய அரசு விதிகளைத் திருத்தும்போது அந்த வழியில் போனால் நாங்கள் எதிர்க்க மாட்டோம்.

கருவி இல்லை, ஆளில்லை என்ற பதிலையும் எதிர்பார்க்கிறோம். 2011 முதல் நாட்டின் பெருநகரங்களில் நடக்கும் தொடர் ஒலிக் கண்காணிப்பில் சென்னையும் இருக்கிறது, அளக்கும் திறமை அரசிடம் ஏற்கெனவே உண்டு. சீசனில் மைதானத்துக்கு ஒரு நடமாடும் ஒலிமானியும் அதன் பதிவை மறுநாளே வெளியிடும் ஏற்பாடும் போதும். செலவை ஏற்பாட்டாளரின் அனுமதிக் கட்டணத்தோடு சேர்க்கலாம். கருவி வைக்க மைதானத்தை ஒட்டிய மொட்டைமாடிகளையும் மின் இணைப்பையும் எங்கள் உறுப்பினர்கள் தரத் தயார். அளவு வரம்புக்குள் இருந்தது என்று அந்தப் பதிவு காட்டினால், அன்றைய நிகழ்ச்சி மீது எங்கள் சங்கங்கள் எதுவும் புகார் கொடுக்காது.